வயலுக்கும் வாய்க்காலுக்கும் பேர் எழுதக் கிளம்பும் தங்கச்சிக்கு

ஊரில் வயல், வாய்க்கால், மேடு, பள்ளம், மடை, ஓடை எல்லாவற்றுக்கும் உள்ள பெயர்களை எழுதி வைக்க வேண்டும் என்று உனக்கு ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு இப்போதே ஓடாதே, கொஞ்சம் உட்கார். இந்த வேலையில் இறங்கிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் பக்கம் பக்கமாகப் பெயர் எழுதுவார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்தப் பெயர் எந்த இடத்துக்கு என்று எழுதினவர்களுக்கே தெரியாது. நோட்டில் பெயர் இருக்கும், இடம் இருக்காது. அந்த நோட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அவசரமும் உண்டு, அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வீடு போர் போட்ட பிறகு மடைத் தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். உழாத நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. போகாத இடத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. பெயர் சொல்ல ஆள் இல்லாத ஓடையில்தான் முதலில் கல் ஊன்றி மனை போடுகிறார்கள். “இது இன்ன ஓடை, இங்கிருந்து வந்து இந்தக் கண்மாயில் விழும்” என்று நான்கு பேர் சொல்ல முடிந்தால், அதை மூடுகிறவனுக்குக் கொஞ்சமாவது தயக்கம் வரும்.

நான் சொல்வதெல்லாம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஊர்களை வைத்துத்தான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்களே, அந்தச் சீமை. உன் ஊர் வேறு பக்கம் என்றால் சொற்கள் மாறும், வேலை மாறாது.

1. தண்ணீர் போகிற வழியில் நட

எங்கே ஆரம்பிப்பது என்று முழிக்காதே. வரத்துக்காலில் ஆரம்பி. எந்த ஊர்க் கண்மாயில் இருந்து, எந்தக் காட்டில் இருந்து தண்ணீர் வருகிறது என்று பார். பிறகு கண்மாய்க் கரை. கரையில் ஒவ்வொரு மடையாக நில். மடையில் இருந்து பாசனக்கால், அதில் பிரியும் கிளைக்கால், தலைமடை வயல், கடைமடை வயல். கடைசியில் கலுங்கு, கலுங்கு வழிந்து போகும் ஓடை, அது விழும் அடுத்த கண்மாய்.

எங்கள் பக்கத்து ஊர்களில் பெயர்களில் பெரும்பங்கு தண்ணீரை ஒட்டித்தான் இருக்கும். மடைப் பெயரைப் பிடித்துவிட்டால் அதன் கீழ் உள்ள வயல்களின் பெயர் தானாக வரும். தெருத் தெருவாகப் போய்க் கேட்பவர்களுக்கு ஒரு வாரத்தில் கிடைக்காதது, ஒரு வாய்க்காலைக் கடைசி வரை நடந்தால் ஒரு காலையில் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு மடை போதும். வேலைக்குப் போகிறவளாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியில் இருந்து ஒன்பது மணி வரை. வெயில் ஏறிவிட்டால் கூட வருகிற பெரியவர் பாவம்.

இரண்டு பருவத்தில் நடக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது மடைக்கல், குமிழித் தூண், தண்ணீர் தேங்கும் உள்வாயில் இருக்கிற பழைய கிணறு எல்லாம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் போனால் எந்தப் பள்ளம் உண்மையில் ஓடை, எது வெறும் வண்டித்தடம் என்று தெரியும். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு வரைபடம் போடாதே.

2. “என்னென்ன பேர் இருக்கு?” என்று கேட்காதே

இதைவிட மோசமான கேள்வி இல்லை. எழுபது வருடம் அந்த மண்ணில் நடந்தவர்கூட “அப்படி ஒண்ணும் இல்லையே தாயி” என்றுதான் சொல்வார். பட்டியலாக யாருக்கும் நினைவில் இருக்காது. வேலையோடும் நடையோடும் சேர்ந்துதான் இருக்கும். அதனால் இப்படிக் கேள்:

- நேத்து எங்கே களை எடுத்தீங்க? அங்கே எந்த வழியாப் போனீங்க?
- அதுக்கு எந்த மடைத் தண்ணி? மடை அடைச்சிருந்தா எங்கே இருந்து வாங்குவீங்க?
- சின்ன வயசுல எங்கே குளிப்பீங்க? ஆடு எங்கே ஓட்டுவீங்க? விறகுக்கு எந்தப் பக்கம்?
- இருட்டினப்புறம் எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்வாங்க?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. பயந்த இடத்தின் பெயரை யாரும் மறப்பதில்லை. முனி இருக்கிற புளி, பேய் அறைகிற பாலம் என்று சொல்லும்போதே பக்கத்தில் இருந்த கிணறும் மறைந்துபோன பாதையும் சேர்ந்து வந்துவிடும்.

நடவுக்குப் போன ஒரு அப்பத்தா கூட நடந்து பார். வரப்பில் கால் வைத்ததும் பேச்சு மாறிவிடும். “இது ஒட்டுச்செய், மண்ணு காலை விடாது, இங்கே நடுறதுக்கு மட்டும் ஆளு வராது. அந்தா, அது குழியஞ்செய், மழை நாளுல முழங்காலுக்குத் தண்ணி நிக்கும்.” இப்படி ஒரு பெயருக்கு மண்ணும் தண்ணீரும் வேலையும் சேர்ந்தே கிடைக்கும். திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் அதே அப்பத்தா வெறும் “வயக்காடு” என்று முடித்துவிடுவார்.

3. யாரைக் கேட்பது என்பதில் சோம்பேறித்தனம் வேண்டாம்

எல்லாரும் செய்கிற தப்பு, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் கேட்டு முடிப்பது. அவர்களுக்கு ரோடும் எல்லையும் நிலத்துக்காரர் பேரும் தெரியும். அதற்கு மேல் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

நீர்பாய்ச்சி இருந்தால் முதலில் அவர்தான். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்த்தவருக்குத் தெரியாத கால் கிடையாது. வேலையை விட்டுவிட்டார் என்றாலும் தேடிப் போ. அடுத்தது ஆடு மேய்க்கிறவர்கள், கிடை போடும் கீதாரிகள். பட்டா நிலத்துக்காரருக்குத் தன் நிலம்தான் தெரியும். ஆட்டுக்காரருக்குப் பொட்டலும் திரடும் சரளைக் காடும் தெரியும், நான்கு ஊர் தாண்டியும் தெரியும்.

பெண்களைக் கேட்க ஒரு சுருக்கு வழி உண்டு: நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போ. ஒரே இடத்தில் பல தெருப் பெண்கள் இருப்பார்கள். வாய்க்கால் வெட்டுகிற இடத்திலேயே அந்த வாய்க்காலைப் பற்றிக் கேட்கலாம். ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி திருத்துவாள், நீ எழுதினால் போதும். சாப்பாட்டு நேரத்தில் போ, வேலையைக் கெடுக்காதே.

ஊருக்குள் ஒரு பெயர், காலனியில் வேறு பெயர் என்பது நிறைய இருக்கும். ஒரே குளிக்கும் துறைக்கு இரண்டு பெயர், ஒரே பாதைக்கு இரண்டு பெயர். ஒரு தெருவை மட்டும் கேட்டுவிட்டு “ஊரின் பெயர்கள்” என்று தலைப்புப் போடாதே, எனக்குக் கோபம் வரும். வயலில் அதிகம் குனிந்து வேலை செய்தவர்களை விட்டுவிட்டு வயல் பெயரை எழுதுவதில் என்ன நியாயம்? எல்லாத் தெருவிலும் கேள், எல்லாப் பெயரையும் எழுது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல உன்னைக் கூப்பிடவில்லை.

4. போகுமுன் ஊருக்குச் சொல்லிவிடு

போனை நீட்டி மடையையும் கல்லையும் படம் எடுத்தால் ஊர் இரண்டே இரண்டு விஷயம்தான் நினைக்கும்: நிலம் எடுக்க வந்திருக்கிறார்கள், இல்லையென்றால் புதையல் தேடுகிறார்கள். சோலார் கம்பெனிக்கு நிலம் பார்க்கிறவர்கள் வந்து போன ஊராக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அதனால் ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பக்கமும் முதலில் ஒரு வார்த்தை. “யார் நிலம் என்று கேட்க மாட்டேன், பட்டா விவரம் வேண்டாம், பெயர் மட்டும்தான்” என்று தெளிவாகச் சொல். சொன்னபடி நடந்துகொள். நில அளவுப் படத்தை முதல் நாளே கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நடக்காதே, அது வீட்டில் இருக்கட்டும்.

5. ஒரு பெயருக்கு ஒரு பக்கம்

நோட்டில் காகிதத்தை மிச்சம் பிடிக்காதே. ஒரு பக்கத்தில் ஒரே பெயர். இவ்வளவும் இருக்க வேண்டும்:

- வாயில் சொன்னபடி பெயர், அதன் கீழே எழுத்து வழக்கில்
- என்ன வகை: மடையா, செய்யா, பொட்டலா, ஊருணியா
- எங்கே: போன் காட்டுகிற அட்சரேகை, தீர்க்கரேகை, பக்கத்தில் அழியாத அடையாளம் ஒன்று
- சொன்னவர் என்ன வேலை பார்த்தவர், எந்தத் தெரு, ஏறக்குறைய வயது
- இன்றும் சொல்கிறார்களா, பழைய ஆட்கள் மட்டுமா
- தேதி

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். “புளியடி மடை. பேச்சில்: புளியடி மட. வகை: மடை, கல் கட்டு, பலகை இல்லை. பெரிய கண்மாய்க் கரையில் அய்யனார் கோயிலுக்குத் தெற்கே இரண்டாவது. இப்போது புளியமரம் இல்லை, அடிமரம் இருக்கிறது. சொன்னவர்: முன்னாள் நீர்பாய்ச்சி, கீழத்தெரு, எழுபதுக்கு மேல். கல்லூரிப் பிள்ளைகள் ‘ரெண்டாவது மடை’ என்கிறார்கள்.” இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் எழுதலாம். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் புளியமரம் இருக்கிறதா இல்லையா என்பதே மறந்துவிடும்.

இடத்தைக் குறிப்பதில் ஒரு விஷயம். மடைக்கும் கிணற்றுக்கும் ஒரு புள்ளி போதும். வாய்க்காலுக்குத் தொடக்கம், முடிவு, திரும்புகிற இடங்கள் வேண்டும். வயல்வெளிக்கு மூலைகள் வேண்டும். ஒரு மைல் நீளக் காலுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது? அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் கணக்கு. எங்கள் பக்கம் அட்சரேகை 9 அல்லது 10-ல் தொடங்கும், தீர்க்கரேகை 78 அல்லது 79-ல் தொடங்கும். 78 அல்லது 79 முதலில் எழுதியிருந்தால் தலைகீழாக எழுதிவிட்டாய் என்று அர்த்தம். அங்கேயே சரிபார்.

6. காதில் விழுந்ததை எழுது, திருத்தாதே

கம்மா என்று சொன்னால் கம்மா என்று எழுது. பக்கத்தில் கண்மாய் என்று போட்டுக்கொள். வாக்கா, ஊரணி, கலுங்கு எல்லாம் அப்படியே. படித்த பிள்ளைகளுக்குத் திருத்துகிற கை அரிக்கும், அடக்கிக்கொள். பேச்சு வடிவத்தில்தான் பழைய உச்சரிப்பு இருக்கும், அது போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. சொல்பவர் சம்மதித்தால் போனில் குரலையும் பதிந்துவிடு. ஆரம்பத்தில் தேதியையும் நிற்கிற இடத்தையும் உன் வாயால் சொல்லிவிட்டுப் பதி, பின்னால் எந்த ஒலிக்கோப்பு எது என்று தேட வேண்டியதில்லை.

பொதுச்சொல்லைத் திணிப்பதும் இதே தப்புதான். எங்கள் கண்மாய் வடக்கே போனால் ஏரி, அங்கே மடை மதகு, கலுங்கு கலங்கல் அல்லது கோடி. நெல்லைப் பக்கம் குளம், மறுகால். திருச்செந்தூர்ப் பக்கம் செம்மண் தேரி உண்டு. கொங்கில் வேலி அடைத்த இட்டேரி, கரடு, வலசு. டெல்டாவில் படுகை, திடல். குமரியில் விளை, ஏலா. இவற்றை எல்லாம் “ஏரி, பாதை, மேடு, வயல்” என்று நான்கு சொல்லில் அடைத்துவிட்டால் நீ செய்தது பதிவு ஆகாது. கடற்கரை ஊர் என்றால் கரையோடு நிற்காதே. மீனவர்கள் கடலுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு பாருக்கும், அதாவது பாறைத் திட்டுக்கும், பெயர் வைத்திருக்கிறார்கள், கரையில் கோயில் கோபுரத்தையும் மலையையும் கணியம் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அது தனி உலகம், தனி நோட்டு போடு.

இங்கிலீஷில் எழுதும் முறையைப் பற்றி இப்போதே சண்டை போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்காதே. 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தமிழில் சரியாக எழுதி வை, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. மேல, கீழ: கவனம்

மேலச்செய் என்றால் உயரத்தில் உள்ள வயல் என்று எடுத்துக்கொண்டு படத்தில் தப்பான இடத்தில் போட்டவர்கள் நிறைய. எங்கள் பக்கம் மேல என்றால் பெரும்பாலும் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. சில இடத்தில் உண்மையிலேயே மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒவ்வொன்றையும் கையைக் காட்டச் சொல்லிக் கேள். ஊகிக்காதே. வலது, இடது என்று நீயும் எழுதாதே, அடுத்த வருடம் நீ எந்தப் பக்கம் பார்த்து நின்றாய் என்று யாருக்குத் தெரியும்? உள்வாய், வெளிவாய் என்று கண்மாயை வைத்துச் சொல்வதும் நல்ல வழி.

8. பீரோவில் இருக்கிற பழைய பத்திரம்

இது தங்கச் சுரங்கம், பலர் தொடுவதே இல்லை. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், பாகப் பத்திரம் எதிலும் நான்கெல்லை எழுதியிருப்பார்கள். நிலத்தின் பெயர், பக்கத்து நிலத்தின் பெயர், வாய்க்கால், பாதை எல்லாம் அதில் இருக்கும். புல எண்ணுக்கு முந்திய பைமாஷ் எண்கூடச் சில பத்திரங்களில் கிடைக்கும்.

படிக்கிற முறை தெரியாமல்தான் சொதப்புகிறார்கள். “புளியடிக் காலுக்கு வடக்கு” என்று இருந்தால், நிலம் காலுக்கு வடக்கே இருக்கிறது என்று அர்த்தம். அதாவது கால் நிலத்தின் தெற்கு எல்லையில் ஓடுகிறது. “வண்டிப்பாதைக்குக் கிழக்கு” என்றால் பாதை மேற்கு எல்லை. இதைத் திருப்பிப் புரிந்துகொண்டால் ஒரு பத்திரத்தில் உள்ள நான்கு பெயரும் நான்கு தப்பான இடத்தில் போய் உட்காரும். ஒரு துண்டுக் காகிதத்தில் சதுரம் போட்டு, நான்கு பக்கமும் எழுதிப் பார், குழப்பம் தீரும். பக்கத்து நிலத்துப் பத்திரமும் கிடைத்தால் இரண்டு சதுரத்தையும் ஒட்டிப் பார்.

எல்லையை இப்படி எழுதுவது நம் ஊரில் ஆயிரம் வருடப் பழக்கம். ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்து பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, எந்த வாய்க்காலுக்கு எந்தத் திசை என்று செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். லைடன் செப்பேடு என்று சொல்கிறார்களே, அதுதான். உன் பாட்டியின் பத்திரம் அந்த வழியில் வந்தது என்று தெரிந்து கையில் எடு.

பத்திரத்தைக் கேட்கும்போது சங்கடப்படுத்தாதே. வழக்கில் இருக்கிற நிலமாக இருக்கலாம், பாகத் தகராறாக இருக்கலாம். ஒரிஜினலை வீட்டுக்குக் கொண்டு போகாதே. அவர்கள் முன்னாலேயே எல்லைப் பகுதியை மட்டும் பார்த்து எழுதிக்கொள். விலை, உடைமையாளர் பெயர் உனக்கு வேண்டாம்.

கிறிஸ்தவ ஊர் என்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கும். பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டுப் பார்த்தால், இன்று ஆளில்லாமல் போன குடியிருப்புகளின் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதிலும் ஆட்களின் பெயரை நகல் எடுக்காதே, இடத்தின் பெயரை மட்டும் எடு.

9. அரசாங்கக் கணக்கு

கடைசியில் பார், முதலில் பார்க்காதே. முதலிலேயே பார்த்தால் அதில் இருக்கிறதையே ஊரார் வாயில் போட்டு வாங்குவாய். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் புல எண், பரப்பு, நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வகை இருக்கும். கண்மாய், ஓடை, பாதை, மயானம் என்ற குறிப்பும் இருக்கும். “எங்கிருந்தும் எந்நேரத்திலும்” என்ற அரசின் இணைய சேவையில் அ-பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். தமிழ்நிலம் புவியியல் தகவல் பக்கத்தில் வரைபடத்தைத் தொட்டால் புல எண் வரும். உன் நோட்டில் உள்ள பெயருக்கு எதிரே அந்த எண்ணை எழுதிவிடு. கணக்கில் ஓடை என்று இருந்து தரையில் ஓடை தெரியவில்லை என்றால், அந்தப் பக்கத்தில் பெரிய நட்சத்திரம் போடு. உடனே சண்டைக்குப் போகாதே. முதலில் நான்கு பெரியவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சேர்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து ஜமீன் ஊர்கள் பலவற்றில் 1948-ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி முறையில் நில அளவையும் தீர்வை நிர்ணயமும் முடிந்தன. கணக்கில் இல்லாத பெயரைப் பொய் என்று தள்ளிவிடாதே. கணக்குக்கு முந்தியது அது.

10. கல்லைத் தேய்க்காதே

சுமைதாங்கிக் கல், மாடு உரசுகிற ஆவுரிஞ்சிக் கல், எல்லைக்கல், நடுகல், மடைத் தூண். எல்லாம் நோட்டில் வர வேண்டியவை. சுமைதாங்கியைப் பார்த்தால் யார் நினைவாக வைத்தது என்று மெதுவாகக் கேள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணுக்காக வைக்கும் வழக்கம் உண்டு, அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில் இருக்கலாம்.

மடைத் தூணில் எழுத்து தெரிந்தால் சாக்பீஸ், கோலமாவு, எண்ணெய் எதுவும் பூசாதே. கம்பியால் சுரண்டவே சுரண்டாதே. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும். வெயில் இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. படத்தைத் தொல்லியல் துறைக்கு அனுப்பு. சிலை, பழைய கல் இருக்கிற இடத்தின் துல்லியமான புள்ளியை வாட்ஸ்அப்பில் போடாதே. திருடனும் வாட்ஸ்அப் பார்க்கிறான்.

11. பெயர்க் கதைகளைச் சொந்தமாக உண்டாக்காதே

ஊரில் சொன்ன கதையைச் சொன்னவர் யார் என்ற குறிப்போடு எழுது. மூன்று பேர் மூன்று கதை சொன்னால் மூன்றும் எழுது. ராஜா வந்தார், ராணி குளித்தார் என்று நீயாகச் சேர்க்காதே. சொல்லைப் பிய்த்து அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலையை, பட்டியல் முழுக்கச் சேர்ந்த பிறகு, அது தெரிந்தவர்களிடம் விடு.

12. புண்படுத்தும் பெயர்கள்

வரும். துறைக்கும் மடைக்கும் தெருவுக்கும் சாதிப் பெயர் இருக்கும், சிலது இழிவாகவும் இருக்கும். நோட்டில் மறைக்காதே. அந்தப் பெயர் அங்கே இருந்தது என்பதே ஒரு செய்தி. ஆனால் வெளியே போடும் பட்டியலிலும் வரைபடத்திலும் அதை அப்படியே ஏற்றுவதற்கு முன், அந்தப் பெயரால் குறிக்கப்பட்ட மக்களிடம் கேள். அவர்கள் அந்த இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு, அதை முதலில் எழுது. 2025 அக்டோபரில் தமிழக அரசு சாதிப் பெயர் கொண்ட குடியிருப்பு, தெரு, நீர்நிலைப் பெயர்களை மாற்ற அரசாணை வெளியிட்டது. இந்தப் பெயர்கள் இனி மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தேதியில் எது வழக்கில் இருந்தது என்ற குறிப்பு உன் நோட்டில் இருந்தால் போதும், வாதத்தில் நீ இறங்க வேண்டாம்.

13. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது

யூனிகோடில் தட்டச்சு செய். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அடுத்த கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாகத் தெரியும், தேடவும் முடியாது. எக்செல் போதும், பெரிய மென்பொருள் வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு, கண்மாயும் ஊருணியும் மடையும் அங்கே ஏற்றலாம். தனியார் வீடு, பெண்கள் ஒதுங்கும் இடம், வீட்டுச் சாமி இருக்கிற இடம் இவற்றை ஏற்றாதே. நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதே, அதுதான் மூலம். மழைக்காலத்தில் பென்சிலால் எழுது, பேனா மை ஊறிவிடும்.

14. கிராம சபையில் வாசி

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கண்மாய்ப் பெயர்களை வாசிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. தலைவரிடம் முன்பே சொல்லிப் பத்து நிமிடம் வாங்கிக்கொள். எல்லாவற்றையும் வாசித்தால் கூட்டம் கலைந்துவிடும். ஒரு மடை, அதன் கீழ் உள்ள வயல்கள் மட்டும் வாசி. “தப்பு, அது அங்கே இல்லை” என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும், கட்டாயம் வரும். முகம் சுருங்காதே. அவரைக் கூட்டம் முடிந்ததும் பிடி, டீ வாங்கிக் கொடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வயலுக்கு வர முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொள். பெண்கள் பக்கம் மைக் போகவில்லை என்றால் நீயே பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்கள் வரிசைக்குப் போய் உட்கார்ந்து மறுபடி வாசி. திருத்தம் எல்லாம் சிவப்பு மையில், பழையதை அடித்து அழிக்காமல் பக்கத்தில். திருத்தின பிரதியில் ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கூட நூலகத்துக்கு, ஒன்று உன்னோடு அதிகம் நடந்த அந்தப் பெரியவர் வீட்டுக்கு. அவருக்குக் கொடுப்பதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடி, கண்ணாடி இல்லாமல் படிக்கட்டும்.